சிம்மு இங்க, கார்டு அங்க

இல்லீங்கய்யா, அது மயிலம் ரோட்டுல இல்ல, இந்தாண்ட சந்துல போவணும். ஜெயம்மா ஊடுன்னு கேட்டா கைக்கொழந்தகூட காட்டும். அவ்ளோ அவசரம் இன்னா, நெழலுக்கு வாங்க. இந்த ஸ்டூல்ல குந்துங்க. அந்தாண்ட வேணாம், ஜெராக்ஸ் மிசினு அனலடிக்கும்.

பொண்ணைப் பெத்தவருதான நீங்க? இதுல இன்னா ஜோசியம். கூட்டேரிப்பட்டுல எறங்கற ஜனம் ஒண்ணு மயிலத்துக்கு மொட்டை போட வரும், இல்லன்னா பஸ்ஸு மாறிப் போவும். வெள்ளையும் சொள்ளையுமா எறங்கி, ஒரு ஊட்டைப் பேரு சொல்லி விசாரிச்சிட்டு, அங்க போவாம டீக்கடை, சைக்கிள் கடைன்னு நின்னு நின்னு வர்றவரு பொண்ணைப் பெத்தவராத்தான் இருக்கணும். நல்ல பழக்கங்க. ஜாதகம் பாதிதான் சொல்லும், புரோக்கரு ரெண்டு மடங்கு சொல்லுவான். ரீசார்ஜ் கடையில கேட்டாதான் ஊட்டு லட்சணம் தெரியும்.

யாரு, வல்லரசா? சிங்கப்பூர்லதான் இருக்காரு. வேலை இருக்குது, அது பொய்யில்ல. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. கெட்ட பழக்கம் எல்லாத்துக்கும் காசு செலவாவும் பாருங்க, அதனால ஒண்ணும் கெடையாது.

ரெண்டாந்தாரம்னு சொல்லிட்டாங்களா? பரவால்ல, அந்த மட்டும் நாயமா நடந்துக்கினாங்க. மொதப் பொண்ணு ஏன் பூட்டாளாம்? இன்னாது, ஊதாரியா? சிங்கப்பூருக்குக் கூட்டிக்கினு போனா கார்டைத் தேச்சித் தேச்சே குடும்பத்தைத் தெருவுல வுடப் பாத்தாளா? ஐயோ சாமி. ஒண்ணுமில்லீங்க, சிரிப்புல பொறையேறிப் போச்சி. நீங்களும் தண்ணி குடிங்க.

உங்க பொண்ணு இன்னா பண்ணுது? விழுப்புரத்துல டீச்சரு. சம்பளம் பேங்குலதான் வுழுதா? அப்ப நீங்க இதை முழுசாக் கேட்டுட்டுத்தான் போவணும்யா. அரை மணி லேட்டாப் போனா காப்பி ஒண்ணும் ஆறிடாது, நீங்க போனாத்தான் காப்பித்தூளே வாங்குவாங்க.

அந்தப் பொண்ணு பேரு சங்கவி. திண்டிவனத்துப் பொண்ணு. அங்க ஒரு லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட்டு பண்ற வேலை. நாலு வருச சம்பளம், அவ பேருல அக்கவுண்டு, அவ பேருல ஒரு கார்டு. கண்ணாலம் ஆவணியில ஆச்சி. மாசி மாசம் முப்பது நாளு விசிட்டிங் விசாவுல மாப்ள கூப்டாரு. அந்தப் புள்ளைக்கு சந்தோசம் தாங்கல. கேப்பை மாவு, மல்லாட்டை உருண்டை, வத்தக்கொழம்புப் பொடின்னு பொட்டியில கட்டிக்கினு நிக்குது. அப்ப மாமியாரு ஜெயம்மா வந்துச்சி. ஏம்மா, அங்க இந்த நம்பரு எடுக்காதாமே, ரோமிங் போட்டா காசைத் தின்னுடுமாமே. சிம்மைக் கழட்டி இங்கயே வச்சிட்டுப் போ, ஓ.டி.பி. கீ.டி.பி. வந்தா நாங்க பாத்துச் சொல்றோம்னிச்சி. இன்னா அக்கறை பாருங்க. அந்தப் புள்ளையும் தாலிக்கயித்துல குத்தியிருந்த ஊக்கை எடுத்து, அதாலயே நோண்டி, சிம்மைக் கழட்டிக் குடுத்துட்டு பிளேன் ஏறிச்சி. ஜெயம்மா போன்ல ரெண்டாவது ஓட்டையில அந்த சிம்மைப் போட்டாச்சி.

இன்னும் புரியலியா? கார்டு அங்க தேயும். மணி இங்க அடிக்கும். அவ சிங்கப்பூர்ல ஒரு டீ குடிச்சா இங்க மாட்டுக் கொட்டாயில டிங்குன்னு கேக்கும்.

அவரு காசு குடுக்கலியான்னா கேக்கறீங்க? குடுப்பாரு, குடுப்பாரு. நீ இப்பத்திக்கு உங் கார்டுல எடு, அப்பால நான் தர்றேன்னாரு. அந்த அப்பால இன்னும் வரல. மொய்ப்பணத்துல பத்தாயிரம் ரூவா ஐநூறு நோட்டா கட்டிக் குடுத்தனுப்பினாங்க. மெட்ராஸ் ஏர்போர்ட்டுல மாத்தினா கொள்ளை ரேட்டுன்னு, அங்க போய் நம்ம ஜனங்க கடை வச்சிருக்கற தேக்காவுல மாத்திக்கலாம்னாரு மாப்ள. அது சரிதான், தப்பு சொல்லல. ஆனா இன்னா பண்ணாரு தெரியுமா, ஏழு கடை ஏறி எறங்கினாரு. ஒரு கடையில பத்துக் காசு கூட, இன்னொரு கடையில அஞ்சு காசு கம்மி. வெயில்ல அந்தப் புள்ளைய நடக்க வுட்டு நடக்க வுட்டு, கடைசியில மொதக் கடைக்கே வந்தாரு. அதுக்குள்ள அங்க ரேட்டு எறங்கிப்போச்சி. போதாக்கொறைக்கு நாலு நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டான் கடைக்காரன். மொய் நோட்டு இல்லியா, மஞ்சா அப்பியிருந்துச்சி. கறை நோட்டு எடுக்க மாட்டோம்னுட்டான். அன்னிக்கு ராத்திரி மாப்ள சோப்பு போட்டு நோட்டு தொவைச்சாராம். மங்களகரமான குடும்பங்க.

அப்பால ஏ.டி.எம். கதை. மொத்தமா எடுத்தா மொத்தமா செலவு பண்ணிடுவ, இருவது இருவது டாலரா எடுன்னு சட்டம் போட்டாரு. வெளிநாட்டு மிசின்ல ஒவ்வொரு வாட்டி எடுக்கறதுக்கும் நம்ம பேங்கு நூத்தம்பது ரூவா புடிக்கும், அதுக்கு மேல வரி, அதுக்கு மேல மாத்தற கூலி. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். கடையில கார்டைக் குடுத்தா அந்த மிசினு வேற கேக்கும், டாலரா, உங்க ஊரு ரூவாயான்னு. நம்ம மாப்ள எட்டிப் பாத்து ரூவாய அமுக்குன்னுவாரு. நம்ம காசுல கட்டினாத்தான நமக்குக் கணக்குப் புரியும்னு. ரூவாய அமுக்கினா அந்தக் கடைக்காரன் மிசினு வச்சதுதாங்க ரேட்டு. நூத்துக்கு அஞ்சு ரூவா ஆத்துல போவும். கடைகடையா பத்துக் காசுக்கு அலைஞ்ச மனுசன், இங்க சிரிச்சிக்கினே அஞ்சு ரூவா வுட்டாரு. பேரைப் பாரு, வல்லரசு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா... தெரியும்யா. சொல்றேன்.

இப்ப இங்க இன்னா ஆச்சின்னா, ஒரு இருவது டாலர் எடுத்தா மெசேஜு மேல மெசேஜு. எடுத்ததுக்கு ஒண்ணு, கூலிக்கு ஒண்ணு, வரிக்கு ஒண்ணு. ஜெயம்மா கணக்குல அது மூணு செலவு. ஒடனே வாட்சப்புல கால் போடும். ஏம்மா, நேத்து ஆறு வாட்டி காசு எடுத்திருக்கியே, அங்க இன்னா ஊட்டுக்கு அஸ்திவாரம் போடறியா? மூணு டாலரு நாப்பது எதுக்கு? பிரட்டா? எரநூத்தி இருவது ரூவாய்க்கு பிரட்டா? அந்தக் காசுல இங்க ஒரு மூட்டை தவுடு வாங்குவனேம்மா! ஒரு டாலரு அறுவத்தஞ்சு ரூவான்னு யாரோ சொல்லிக்குடுத்துட்டாங்க. அதுலேருந்து அந்தம்மாக்கு வாயி பெருக்கல் வாய்ப்பாடாப் போச்சி. ரேசன் கடையில வரிசையில நின்னுக்கினு, எம் மருமவ நேத்து குடிச்ச ஜூஸு முன்னூறு ரூவான்னு சொல்லும். ஊரே கேட்டு வாயில கைய வைக்கும்.

ஒரு வாட்டி மெடிக்கல் ஷாப்புல ஆறு டாலரு. ஸ்பீக்கர் போட்டுக் கேட்டுச்சி ஜெயம்மா, அது எதுக்குன்னு. அங்க ரூம்ல மாப்ளையோட கூட்டாளிங்க ரெண்டு பேரு குந்தியிருந்தாங்க. தலைவலி மாத்திரை அத்தைன்னு சொல்லிச்சி அந்தப் புள்ள. நானூறு ரூவாய்க்குத் தலைவலியா, அவ்ளோ பெரிய தலையாம்மா உனக்குன்னு இங்க ஒரே சிரிப்பு. அது தலைவலி மாத்திரை இல்லீங்க. நாளு தள்ளிப் போயிருந்துச்சி. ஊட்டுலயே பாக்கறதுக்கு ஒரு அட்டை விப்பாங்க இல்ல, அது.

ஆமாங்க. இருந்துச்சி. புருசங்கிட்டகூட சொல்லல. ஊருக்கு வந்து, நல்ல நாளு பாத்து, எல்லார் எதிர்லயும் சொல்லலாம்னு ஆசை.

பத்தொம்பதாம் நாளு, ஒரு செவ்வாக்கெழம, பொழுது சாயற நேரம். மாடு கட்டிக்கினு இருக்கும்போது போன் அடிச்சிச்சி. கயித்தை வுட்டுட்டு போனோட ஓடிச்சி ஜெயம்மா. நூத்தி எண்பத்தெட்டு டாலரு. ஒரே தேய்ப்பு. பெருக்கிப் பாத்தா பன்னெண்டாயிரத்துக்கு மேல. ஒடனே மவனுக்கு போன் போட்டுச்சி. டேய், உம் பொண்டாட்டி நகைக்கடையில பூந்துட்டாடா, ஒரே அமுக்குல பன்னெண்டாயிரம்டா, நீ அங்க இன்னாத்தைப் புடுங்கற? அப்பதான் வேலை முடிஞ்சி போனைக் கையில எடுத்த மாப்ள ரூமுக்கு ஓடினாரு. அந்தப் புள்ள சுருண்டு படுத்திருக்குது. ஏன் படுத்திருக்கன்னு கேக்கல. இன்னாடி வாங்கின, எங்க வச்சிருக்கன்னு பொட்டியக் கவுத்தாரு. பையிலேருந்து கார்டை எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினாரு.

அந்தப் புள்ள ஒரு வார்த்த பேசலியாம். நாலாம் நாளு பிளேன் ஏறி வந்துடுச்சி. துரைக்கண்ணு, அவங்கப்பா, மெட்ராஸுக்கே போயிக் கூட்டிக்கினு நேரா திண்டிவனம் போய்ட்டாரு. இங்கேருந்து பஞ்சாயத்துக்குப் போனவங்ககிட்டயும் அது வாயத் தொறக்கல. அப்ப ஊதாரிதான்னு முடிவாயிடுச்சி. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு பஸ் ஏறிப் பூட்டா.

ஆஸ்பத்திரிங்கய்யா. நகைக்கடை இல்ல. காத்தாலேருந்து ரத்தம் போவுது, நிக்கல. புருசனுக்கு போன் பண்ணா எடுக்கல, வேலை நேரத்துல லாக்கர்ல வச்சிடுவாங்களாம். ஆளு தெரியாத ஊருல தனியா டாக்சி புடிச்சிப் போயி, கலைஞ்சிடுச்சின்னு கேட்டுட்டு, கார்டை நீட்டிட்டு வந்து படுத்திருக்குது.

ஏன் சொல்லலன்னு நானும்தான் கேட்டேன். மெசேஜுல ஆஸ்பத்திரி பேரு வந்திருக்குமே, அதைப் பாத்துட்டும் இன்னா வாங்கினன்னு கேக்கறாங்களே, இந்த ஜனங்கிட்ட இன்னாத்தைச் சொல்றதுன்னு நெனச்சேன்னா. தெரிஞ்சேதான் கேட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்திருக்கா அவ.

வந்திருந்துச்சிங்க. கொட்டை எழுத்துல வந்திருந்துச்சி. விமன்ஸ் கிளினிக்குன்னு. தொகைக்குப் பக்கத்துலயே.

ஜெயம்மா பாக்கலியான்னா? ஜெயம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், இங்கிலீசுக்கு எங்க போவும்? மணி அடிச்சா போனை எடுத்துக்கினு இங்க ஓடியாரும். படிச்சுச் சொல்லி, அறுவத்தஞ்சால பெருக்கிச் சொல்றது நான்தான். அந்த வாய்ப்பாடு சொல்லிக்குடுத்ததும் நான்தான்.

சொந்தமாவா? ஜெயம்மா எங்கம்மாங்க. வல்லரசு எங்கூடப் பொறந்த அண்ணன். என் பேரு கலைப்பிரியா, ஊட்டுக்குப் போனீங்கன்னா போட்டோவுல கடைசியா நிப்பேன்.

அன்னிக்குத் தொகைய மட்டும் படிச்சேன். பேரைப் படிக்கல. கண்ணுல படாம இல்ல, பட்டுச்சி. அம்மா கேக்கல, நான் சொல்லல, அவ்ளோதான். எனக்கு இருவத்தெட்டு வயசாவுது. இந்தக் கடையில எட்டு வருசமா நிக்கறேன், வர்ற காசெல்லாம் அம்மா அக்கவுண்டுல வுழுது. அவ எங்கள மாதிரியே ஒரு பொண்ணு, வந்து ஆறு மாசம் ஆவல, அவ பேரு போட்ட கார்டை எடுத்துக்கினு பிளேன்ல போறா. ஒரு நாளு அவளும் திட்டு வாங்கட்டுமேன்னு இருந்துச்சி. அவ்ளோ சின்ன புத்திதாங்க. ஒரு நாளு திட்டுதான் கணக்கு போட்டேன். மறுநாளு சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாளு எங்கம்மா ஊரு பூரா சொல்லி முடிச்சிடுச்சி.

அவ சிம்மைத் திருப்பிக் குடுக்க திண்டிவனத்துக்கு நான்தான் போனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டா. பேரு வந்துச்சா கலைன்னா. வந்துச்சி அண்ணின்னேன். உள்ள போயி மோரு எடுத்தாந்து குடுத்தா. வெயில்ல வந்திருக்கியே, குடின்னா. நானும் குடிச்சிட்டு வந்தேன், வெக்கமில்லாம.

இல்லீங்க, அழல. மிசினு சூடு.

இந்தப் பொட்டியா? புதுப் போனு. போன வாரம் எங்கம்மா வாங்கியாரச் சொல்லிச்சி. பழசுல ரெண்டாவது சிம்மு சரியா எடுக்கலியாம், டீச்சர் பொண்ணு வர்றதுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்கி வையுன்னிச்சி. சீல் ஒடைக்கல.

ஐயா, பை. பையை வுட்டுட்டுப் போறீங்க. அந்தா வர்றது விழுப்புரம் வண்டிதான், கையக் காட்டுங்க, நிப்பாட்டுவான்.