புளிக்குப் பதில் மாங்காய்

ரத்னா: புளிப் பானைய கவுத்துப் பாத்துட்டேன். வெறும் கொட்டைதான் கீது. வலை போடற எல்லப்பன் குடுத்த ஏரி மீனை நாய்க்குத்தான் போடணும்.

ரகுபதி: ஏன்மே... மாங்கா போட்டு வையேன்.

ரத்னா: இன்னா சொன்ன?

ரகுபதி: மீட்டிங்ல குண்டு வெடிச்சு தலைவர் செத்த அன்னிக்கு மூடுன கடை, இன்னும் தொறக்கல. பஸ் இல்ல, கம்பெனி இல்ல. புளிக்கு எங்க போவ? கொல்லையில மாங்கா தொங்குது. தோலோட நறுக்கு. மொதல்லயே போடாத, கரைஞ்சிடும். மொளகாத்தூள் பச்சை வாசனை போனப்புறம்...

ரத்னா: நிறுத்து. தண்ணி மொண்டு குடிக்கத் தெரியாத ஆளு நீ. பச்சை வாசனையெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

ரகுபதி: கேள்விப்பட்டதுதான்.

ரத்னா: தேங்காவும் இல்ல.

ரகுபதி: பொட்டுக்கடலைய நைசா அரைச்சு ஊத்து. ஒரு கொதி வந்ததும் எறக்கிடணும். இல்லன்னா களியாப் பூடும்.

ரத்னா: வாய் கூசாம சொல்றத பாரு! போன வாரம் வெங்காயம் பத்தலன்னேன். முட்டைக்கோஸைப் பொடியா நறுக்கிக் கலந்துடுன்ன. நல்லாத்தான் வந்துச்சு. அதான் வயிறு எரியுது.

ரகுபதி: நல்லா வந்தா சந்தோஷப்படேன்.

ரத்னா: ஏன், அவளக் கையெடுத்துக் கும்பிடட்டுமா?

ரகுபதி: எவள?

ரத்னா: உன் சட்டையில கிரீஸ் நாத்தம் வந்து எத்தினி மாசம் ஆவுது? நாந்தான தோய்க்கறேன்? பூண்டு வாசனை வருது. லைன்ல மிஷினுக்குக் கடுகு போட்டுத் தாளிக்கறீங்களா?

ரகுபதி: சிரிப்பு மூட்டாத...

ரத்னா: சிரி. நல்லா சிரி. கட்டிக்கினு வந்து ஆறு வருஷம். என் கொழம்பப் பத்தி உப்பு பத்தலன்றதத் தவிர ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா? இப்ப எவளோ ஒருத்தி கைப்பக்குவத்த என் அடுப்பாண்டயே கொண்டாந்து வைக்கற. எத்தினி மாங்கா போடணும்? அதையும் அவளையே கேட்டுச் சொல்லு.

ரகுபதி: முப்பது, முப்பத்தஞ்சு மாங்காவாவது போட்டாத்தான்...

ரத்னா: மூணு பேருக்கு முப்பது மாங்காவா? யோவ். அவ யாருக்கு ஆக்கறா?

ரகுபதி: கம்பெனி கேன்டீன்மே. லூர்தம்மாள்னு ஒரு அக்கா அங்க காய் நறுக்கறாங்க. பேரன் எடுத்தவங்க. போதுமா?

ரத்னா: அவங்க நறுக்கறாங்க. ஆக்கறவ யாரு? சொல்லுய்யா. இல்லன்னா எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். பஸ் இல்லன்னா இன்னா, மணிமங்கலத்துக்கு நடந்தே போறேன்.

ரகுபதி: நான்தான்.

ரத்னா: நீதான் இன்னா?

ரகுபதி: ஆக்கறது. பொங்கலுக்கப்புறம் லைன்ல ஆள கொறச்சு, என்னையும் நிறுத்திட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து சமையக்காரன் நின்னுட்டான். கரண்டி புடிக்கறியான்னாரு கேன்டீன் கான்ட்ராக்டர். எது இருக்கோ அத வச்சு ஒப்பேத்துனேன். ஒருத்தன் மூஞ்சி சுளிக்கல. நாலு மாசம் ஓடிப்போச்சு.

ரத்னா: என்கிட்ட சொன்னா இன்னா?

ரகுபதி: உன்கிட்ட சொன்னா நைனா காதுக்குப் போகும். எம் பையன் மிஷின் ஓட்றான்னு டீக்கடையில நிமிந்து உக்காந்துகினு கீறாரு. அவரு வூட்டு ஆம்பள எவன் கரண்டி புடிச்சிருக்கான்? அதுவும் ஊராருக்கு ஆக்கிப் போட... தெரிஞ்சா அன்னிக்கே வூட்ட விட்டு எறங்குன்னுடுவாரு.

ரத்னா: எத்தினி பேருக்கு ஆக்கற?

ரகுபதி: எரநூறு.

ரத்னா: எரநூறு பேரு... நாலு மாசமா உங் கையால தின்னுகினு கீறாங்க. நான் ஒருத்திதான் தின்னல.

ரகுபதி: அதுக்கும் பொறாமையா? நவுரு, நவுரு. இன்னிக்கு நான் ஆக்கறேன். கதவ மட்டும் சாத்து, நைனா வந்துடப் போறாரு... ஆமா, ஊரே மூடிக் கெடக்கு. விடிஞ்சதுலேர்ந்து அவர எங்க காணோம்?

ரத்னா: ஐயோ... நீ மண்ணூர் கூட்ரோட்டுல ஒருத்தியோட சிரிச்சுப் பேசிக்கினு நின்னன்னு பக்கத்து வூட்டு பாஞ்சாலி போன வாரமே சொன்னா. அவ பேரு லூர்தம்மாள்னும், வூடு எங்கன்னும் சொன்னா. பேரன் எடுத்தவங்கன்னு மட்டும் சொல்லல. எனக்குத் தாங்கல... நேத்து மாமாகிட்ட அழுதுட்டேன். நம்ம வூட்டு மானத்த வாங்குனவ யாருன்னு நேர்ல கேட்டுட்டே வரேன்னு, சைக்கிள எடுத்துக்கினு அந்த அக்கா வூட்டுக்குத்தான் போயிருக்காரு.