பெயரைத் தட்டச்சு செய்யவும்

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். கேட்டதற்கு நன்றி.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் என் கடை. பெரிய கணினி ஒன்றைப் பல அறைகளாகப் பிரித்து, ஆளுக்கொரு மெய்நிகர் சர்வராக வாடகைக்கு விடுகிறேன். திரையில் அளவைத் தேர்ந்து, பெயர் கொடுத்து, பொத்தானை அழுத்தினால் நாலு நிமிடத்தில் தயார். அண்ணி ஹயாத்துக்கும் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். ‘ஃபௌஸி’ என்று பெயர் வைத்தாள். அது என் அண்ணன் பெயர்.

துனிசியக் கரையிலிருந்து இத்தாலிக்குப் படகேறியவன் போய்ச் சேரவில்லை. அப்படிக் காணாமல் போனவர்களின் படங்களையும் கடைசிக் குரல்களையும் இருநூறு வீட்டார் அந்த சர்வரில் சேர்த்து வைத்தார்கள். “போன்ல இடம் அடைக்குதுன்னா அழிச்சிடுங்கம்மா, இங்க பத்திரமா இருக்கும்” என்று எல்லாத் தாய்மார்களிடமும் நான்தான் சொன்னேன். அண்ணியும் அழித்தாள்.

தினமும் காலையில் அவன் குரலைக் கேட்பாள். “ஹயாத், கடல் அமைதியா இருக்கு. என் வலையைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு முக்தார்கிட்ட சொல்லு.” முக்தார் நான்தான். பக்கத்து அறையில் நானும் கேட்டு அழுதிருக்கிறேன். எனக்கும் அவன் அண்ணன்தானே.

வெள்ளிக்கிழமை குஸ்குஸ் சோற்றுத் தட்டைச் சுற்றி அவனுக்கும் ஒரு கரண்டி வைப்பாள். ஆறு வருடம் பொறுத்தேன்.

“இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி?”

“உங்கண்ணன் பசியோட வந்து நின்னா, உன் கரண்டியையா பிடுங்கித் தர்றது?”

என்னைக் கல்யாணம் கட்டிக்கொள்ளும்படி கேட்டேன். எங்கள் பக்கம் அது தப்பில்லை. அவள் கோபப்படவில்லை. “அவர் குரல் இன்னும் கேக்குதே, முக்தார்” என்றாள்.

அவ்வளவுதான் இடைஞ்சல் என்று புரிந்தது.

சர்வரை மறுபடி நிறுவினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். கை தவறி யாரும் அழுத்திவிடக் கூடாதென்று, சர்வரின் பெயரை நம் கையாலேயே அடிக்கச் சொல்லும். F-a-o-u-z-i, ஆறு எழுத்து. அடித்தேன். காப்பு நகல்களையும் நீக்கினேன். வட்டு பழுதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சொஹ்ரா என்றொரு அம்மா வெறும் கைபேசியோடு கடைக்கு வந்தாள். “என் பையன் சிரிச்சது மட்டும் போதும் தம்பி. கொஞ்சமா இருந்தாலும் போதும்.” தண்ணீர் கொடுத்து, சாயங்காலம் வரை தேடுவது போல உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

பொத்தானை அழுத்தியது யார் என்று அந்தத் திரையே குறித்துவைக்கும். நான் மறந்துவிட்டேன். அண்ணி தன் கணக்கில் நுழைந்து அதைப் படித்துவிட்டாள். அவள் கத்தவில்லை. “அவர் பேரை நீயேவா அடிச்ச?” என்று மட்டும் கேட்டாள். உங்களுக்குத் தகவல் சொன்னதும் அவள்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், அவள் தனியாக இருப்பாள். மனம் மாறிவிடும், இன்ஸ்பெக்டர். அந்த வீட்டில் அவள் கேட்பதற்கு இனி என் குரல் மட்டும்தானே இருக்கிறது.