கடலுக்குள் இருக்கும் வீடு

"என் வீடு கடலுக்குள்ள இருக்குதாம், அக்கா."

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்தில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறாளாம். பக்கத்தில் அவளைவிட மூத்தவள் ஒருத்தி. பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியிருந்தது. கீழே கடல்; பயத்தில் அங்கே நான் ஜன்னல் பக்கமே பார்ப்பதில்லை.

"எவன்டி சொன்னது?"

"பஞ்சாயத்து ஆபீசருதான். குடிதண்ணிக் குழாய் கேட்டுப் போனேன். ஆராய்ச்சிப் படத்துல மாதா கோயில் தெருவே கடலா இருக்கு, அங்கன குழாய் போட ஏலாதுங்குறாரு."

"காலையில வாசல் கூட்டிட்டுத்தான வந்த?"

"இனிமே கடல் ஏறி வந்தா எப்படி இருக்கும்னு போட்ட படம் அக்கா அது. அவரு இப்பவே வந்துருச்சுன்னு வச்சுக்கிட்டாரு."

"அப்ப மீன்பிடித் தடைக்காலத்துல நீ வீட்டுக்குள்ள போகலாமா, கூடாதா?"

என் வீடு மாதா கோயில் தெருவுக்கு அடுத்த தெரு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஆராய்ச்சிக்கு வந்து படம் போட்ட பிள்ளை உன் வீட்டுலதான கஞ்சி குடிச்சுட்டுப் போச்சு?"

"அது நல்லாத்தான் எழுதியிருக்கு. கிணறெல்லாம் உப்பாகுது, மொதல்ல இவங்களுக்குக் குழாய் போடுங்கன்னு. ஆபீசுல படத்தை மட்டும் பாத்தாங்களாம். எழுத்து ரொம்ப இருந்துச்சாம். வண்டித் தண்ணி வாங்கியே என் கூலி கரையுது."

"சரி, மனுவுல என்ன கேட்டிருக்க?"

"குழாய் குடுங்க. இல்ல, வீடு கடல்லதான் இருக்குன்னா, படகுக்குக் குடுக்குற டீசல் மானியத்தை வீட்டுக்கும் குடுங்கன்னு."



"மானியம் வேற ஆபீசுடி. அங்க வேற படம் வச்சிருப்பாங்க. அதுல உன் வீடு கரையில இருக்கும்."