படம் தெளியுற வரைக்கும்

— படத்த பீரோவுல வைங்க, அப்புறம் பாக்கலாம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பாப்பாவுக்குக் கண்ணு என்ன நிறம்?

— எத்தன தடவ சொல்றது? உன்ன மாதிரியே தேன் கலரு.

— படத்துல மூடியிருக்கே.

— இந்தா பாரு, எடுத்து முடிச்சப்புறம்தான் முழிச்சா. ரெண்டே நிமிஷம். சொன்னேன்ல?

— சொன்னீங்க. நான்தான் மயக்கத்துல கிடந்தேனே. நீங்க பாத்ததுதான் நான் பாத்ததும். மூணு மாசமா கண்ணாடியில என் கண்ண வெச்சு அவளப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— அப்புறம் இன்னிக்கு என்ன புதுசா?

— செக்கப்புக்குப் போனேன்ல, பிரசவத்தப்போ கூட இருந்த அந்த நர்ஸம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'கருவண்டு மாதிரி கறுகறுன்னு கண்ணும்மா உன் பொண்ணுக்கு'ன்னாங்க.

— அவங்க தினம் பத்துக் குழந்தையப் பாக்குறவங்க. எதையாச்சும் மாத்திச் சொல்லியிருப்பாங்க.

— நீங்க ஒண்ணத்தான பாத்தீங்க?

— இரு, இந்தப் படத்த பீரோவுல வெச்சுட்டு வந்துடுறேன்.

— ஏங்க, பேச்ச மாத்தாதீங்க.

— இந்தா பாரு... என் பொழப்பு உனக்குத் தெரியும். அடையாள அட்டைக்கு, நின்ன இடத்துலயே படம் எடுத்துக் குடுக்கிறவன். கேமராவுலேருந்து வெள்ளையா வர்ற அட்டை மெல்லத் தெளியும், குளிர் பட்டா கெட்டுடும். கண்ணு மூடியிருந்தா செல்லாது. படம் தெளியுற வரைக்கும் எதிர்ல இருக்கிற ஆள நிமிந்துகூடப் பாக்க மாட்டேன்.

— 'ஆளு பொய் சொல்லும், படம் சொல்லாது'ன்னு பீத்திக்குவீங்களே. உங்க பொழப்புக்கும் பாப்பா கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

— டாக்டர், பாப்பா ஒரு மணி நேரம் தாங்காதுன்னுட்டாரு. உனக்கு அந்த முகமாச்சும் மிஞ்சட்டும்னு ஓடிப்போய் கேமராவ எடுத்துட்டு வந்தேன். உள்ள ஒரே ஒரு ஃபிலிம்தான் இருந்துச்சு. எடுத்தேன். ரூம்ல ஏசி குளிரு. கெட்டுடப் போகுதேன்னு சட்டைக்குள்ள, நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கிட்டேன்.

— பாப்பாவயா?

— படத்த.

— ஐயோ...

— அப்புறம் வெளிய எடுத்துப் பாத்தேன். வெள்ளைக்குள்ளேருந்து நெத்தி வந்துச்சு, மூக்கு வந்துச்சு. கண்ணு மட்டும் தொறந்திருக்கணும் கடவுளேன்னு அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

— அப்போ... அவ நிஜமாவே முழிக்கலையா?

— முழிச்சா. 'சார், இங்க திரும்புங்க, அப்பாவத் தேடுறா'ன்னு நர்ஸம்மா கூப்பிட்டாங்க. 'ஒரு நிமிஷம்மா, படம் வந்துக்கிட்டிருக்கு'ன்னேன்.