மோட்டார் இல்லாத மோட்டார் ஹோம்

காலை நாலே முக்கால். மார்கழி மாதம். நம்ம நிலக்கரிச் சுரங்க நகரியத்தின் கடைசி பிளாக்குக்குப் பின்னால் ஒரு தார்ச்சாலை இருக்கிறது, உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் ஷிப்ட் பஸ் போன சாலை. இப்போது அது எங்கேயும் போவதில்லை. சுரங்கம் தின்றது போக மிச்சம். கொஞ்ச தூரத்தில் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். பனி இறங்கும்போது கூடவே சாம்பல் வாடையும் இறங்கும்...

அந்தச் சாலையில் ஒரு ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

நடந்தது யாருக்கோ இல்லை. நம்ம வெங்கடேஷின் பெரியப்பாவுக்கு. இந்தப் பேச்சு வருமென்று தெரிந்துதான் அவன் சாப்பிட்ட கையோடு நழுவிவிட்டான். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். சொல்கிறேன்.

பெரியப்பா பெயர் மாடசாமி. வெறும் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மாடசாமி, துணைப் பொது மேலாளர், ஓய்வு. பால்காரனிடம் போனில் பேசினாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். சர்வீஸ் முழுக்க ஷிப்ட் பஸ்ஸில் கால் வைத்ததில்லை என்பது அவருடைய தலையாய பெருமை. முதலில் ஜீப், பிறகு கார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக நான் என்ன கான்ட்ராக்ட் லேபரா என்று கேட்பார்.

அவருடைய கோயம்புத்தூர் சம்பந்தி ஐரோப்பா போய்வந்தார். அங்கே மோட்டார் ஹோம் என்கிற வண்டியில் தங்கி, அதன் படுக்கையில் கால்மேல் கால் போட்டுக் கிடக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டார். மாடசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அதே குரூப்பில் அறிவித்தார்: இங்கே சொந்தமாகவே ஒன்று தயாராகிறது, பொங்கலுக்கு வாருங்கள், அதிலேயே ராமேஸ்வரம் போவோம். சம்பந்தி கட்டைவிரலை உயர்த்திவிட்டார். இனிப் பொங்கலுக்குள் வண்டி நிற்காவிட்டால் மகள் கிருஷ்ணப்ரியாவின் மாமியார் வீட்டில் இவர் பேர் நிற்காது.

கையில் இருந்ததோ ஒரு நல்ல ஸ்கூட்டருக்கே இழுத்துப் பிடிக்கும் பணம். பண்ருட்டிக் காயலான் கடையில் ஒரு மினி பஸ் கிடந்தது. யாரோ ஒரு கான்ட்ராக்டர் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிய ஷிப்ட் பஸ். எஞ்சின் இல்லை, பேட்டரி இல்லை, டயர் உருப்படி இல்லை. அதனால்தான் அந்த விலை. டிங்கர் பன்னீர்செல்வம் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓய்வுக்குப் பிறகும் காலி செய்யாத குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அந்தத் தார்ச்சாலை ஓரமாக, செங்கல் அடுக்கி மேலே உட்கார வைத்தார்.

எஞ்சின் எப்போது என்று பன்னீர்செல்வம் கேட்டார். அது கடைசி என்றார் மாடசாமி. முதலில் திரை, அப்புறம் ஏ.சி., அதற்கும் முன்னால் பித்தளையில் பெயர்ப்பலகை, பதவியோடு. எஞ்சின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொள்ளலாம். பெயர்ப்பலகை சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்ல முடியுமா?

"இது மோட்டார் ஹோம் இல்லீங்க. நம்ம வூட்டுக் கோழிக்கூண்டு பெருசாயிட்ட மாதிரிதான்" என்று புஷ்பவல்லியிடம் பன்னீர்செல்வம் சொன்னார். கோழிக்கூண்டில் கோழியாவது இருக்கும் என்றாள் அவள். மாடசாமியின் மனைவி. அவர் பதவியைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள்.

பணம் போதாதபோதெல்லாம் வண்டியே கொடுத்தது. நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடிப்பதற்குத் தலைக்கு மேலே முன்னிருந்து பின் வரை இரும்புக் கம்பி ஓடுமே, அதை முழுசாக அறுத்து எடைக்குப் போட்டார். அந்தக் காசில் வெல்வெட் திரை. சீட்டெல்லாம் போய் பிளைவுட் அலமாரி வந்தது. கடைசி நீள சீட்டு மட்டும் வரவில்லை. போல்ட்டில் ஸ்பானர் வழுக்கியது. கேஸ் வைத்து அறுக்கப் போனால் தீ அணைந்து அணைந்து போயிற்று.

"வராதுங்க சார். ஆளு ஒக்காந்துகினு இருக்கும்போது சீட்டைப் புடுங்கற மாதிரி இருக்குது."

மாடசாமி அதையும் லாபத்தில் சேர்த்தார். அந்த சீட்டின் மேலேயே ஃபோம் போட்டு, மெரூன் விரிப்பு விரித்தால் கட்டில். கட்டில் செலவு மிச்சம்.

மறுநாள் காலை, அந்தப் படுக்கையின் ஜன்னலோரத்தில் ஒரு துண்டு கிடந்தது.

ஓரம் பிரிந்த காசித்துண்டு. ஈரம். வேர்வை, பீடி, தேங்காயெண்ணெய்... அடியில் நனைந்த நிலக்கரி மண்ணின் வாடை. பன்னீர்செல்வத்தின் ஆள் யாரோ விட்டுப் போனது என்று மாடசாமி அதில் கிரீஸைத் துடைத்து வீசினார். அடுத்த நாள் அதே இடத்தில் துண்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்த நாள் படுக்கை நீளத்துக்கும் துண்டுகள்... நடுவில் சமமாக இடம் விட்டு, ஆளுக்கு ஒன்று என்பது போல. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியும் சாத்தித்தான் இருந்தது.

ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து பஸ்ஸில் இடம் போடுவது நமக்கெல்லாம் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். ஷிப்ட் பஸ்ஸில் அது சட்டம். யூனியனுக்கு யூனியன் மாறாத ஒரே சட்டம். துண்டு கிடக்கிறதென்றால் ஆள் இருக்கிறான். எவனும் தொட மாட்டான், எவ்வளவு பெரிய ரவுடியானாலும் நின்றுகொண்டுதான் வருவான். ஜீப்பில் போனவருக்கு இது எங்கே தெரியும்?

புஷ்பவல்லி படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அது இடம் போட்ட துண்டு. அப்படியே வெச்சிருங்க."

"என் படுக்கையில எவன் இடம் போடுவான்?"

"படுத்துப் பாருங்க. தெரியும்."

அவர் வைக்கவில்லை. துண்டுகளை எடுத்து, துவைத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, வண்டி துடைக்கும் துணியாக்கினார். துணிச் செலவும் மிச்சம். சம்பந்தி வர ஒரு நாள்தான் பாக்கி. தன்மேல் காழ்ப்புள்ள யூனியன்காரன் எவனோ விளையாடுகிறான், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி டார்ச்சோடு வண்டியிலேயே படுத்தார். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

முதலில் வாடை வந்தது. பிறகுதான் ஹாரன்.

இரண்டு குட்டை... ஒரு நெட்டை.

வெளியிலிருந்து இல்லை. அவர் படுத்திருந்த வண்டியிலிருந்து. பேட்டரி இல்லாத வண்டி.

வண்டி வாசல் பக்கம் லேசாகச் சாய்ந்தது. படியில் ஓர் ஆள் கால் வைத்தால் சாயுமே, அப்படி. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. செங்கல் நறநறத்தது. மறுபடி... மறுபடி... கதவு திறந்த சத்தம் மட்டும் இல்லை. ஹெல்மெட்டைத் தரையில் வைக்கிற டொக். டிபன் பாக்ஸ் மூடி நடுங்குகிற கிணுகிணு. யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்கள்.

டார்ச்சை அடித்தார். வெளிச்சம் எதிரே அலமாரி வரைக்கும் போகவில்லை. நடுவிலேயே எதிலோ பட்டு நின்றது.

கால்மாட்டில் ஃபோம் அமுங்கியது. பிறகு முழங்காலோரம். பிறகு இடுப்பில். வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வார்கள். மாடசாமி தன் பெயரைச் சொன்னார். பதவியோடு. ஓய்வு என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

நெஞ்சின் மேல் ஒருவன் உட்கார்ந்தான்.

காதோரம் ஒரு குரல். கோபமில்லை. அதுதான் மோசம்.

"துண்டு போட்டிருந்தமே சார். பாக்கலீங்களா?"

மூச்சு முட்டியது. புரண்டார். தரையில் விழுந்தார். எழுந்து கதவுக்குப் போகலாமென்றால் வழி முழுக்க ஆட்கள்... தோள்கள், ஈரச்சட்டை, முழங்கைகள். எல்லாம் கல் மாதிரி. யாரும் ஒதுங்கவில்லை. யாரோ வேண்டுமென்றே அவர் கால் விரலை மிதித்து, மிதித்தபடியே நின்றான். வெளித் தகரத்தில் ஒரு கை தட்டியது. தட், தட். எஞ்சின் இல்லாத வண்டி உறுமியது. கிளம்பியது. அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது... முள்வேலி. பள்ளம். இறக்கிவிடுங்கள் என்று கத்தினார். வண்டி திரும்பியது. விழப்போனார்.

"கம்பியைப் புடிச்சிக்குங்க சார். பள்ளம் வருது."

கையைத் தூக்கினார். அறுத்து விற்ற இடத்தில் கம்பி இருந்தது. பனிக்கட்டி மாதிரி.

விடிந்து காபியோடு வந்த புஷ்பவல்லி தட்டிப் பார்த்தாள். பன்னீர்செல்வம் வந்து கடப்பாரையால் நெம்பித்தான் கதவு திறந்தது. வண்டி செங்கல்லை விட்டு அங்குலம் நகரவில்லை. நடுவில் மாடசாமி நின்றுகொண்டிருந்தார். வலக்கை மேலே. பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் விரல்கள் மூடியிருந்தன. உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆடியது... வளைவுக்கு வளைவு. படுக்கையில் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. நறுக்கினவைதான். நறுக்கின தடமே இல்லை.

கையில் இருவர் தொங்கிப் பார்த்தும் அதை இறக்க முடியவில்லை. மத்தியானம் சம்பந்தி வந்து கும்பிட்டார். இவரால் கை குவிக்க முடியவில்லை. உயர்ந்த கையைப் பார்த்த மாப்பிள்ளை, ஆசீர்வாதம் என்று நினைத்துக் காலில் விழுந்தார். பெயர்ப்பலகையை யாரும் கவனிக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, முதல் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. கை தானாக இறங்கியது.

ஏதோ விபத்தில் செத்தவர்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பன்னீர்செல்வமும் அப்படி நினைத்துத்தான் விசாரித்தார். அந்த பஸ்ஸுக்கு ஒரு விபத்தும் நடந்ததில்லை. கடைசி சீட்டில் வந்தவர்களில் இரண்டு பேர் இப்போதும் சேத்தியாத்தோப்பில் நெல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். துண்டு காணாமல் போச்சா என்று கேட்டிருக்கிறார். ஒருத்தர் சிரித்தாராம். இன்னொருத்தர் சிரிக்கவில்லையாம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வண்டியைக் காயலான் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அது அங்கேயேதான் செங்கல் மேல் நிற்கிறது. மாடசாமி பகலில் நன்றாகத்தான் இருக்கிறார். பதவியைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் தினமும் காலை நாலே முக்காலுக்குத் தூக்கத்திலேயே எழுந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். ஆடுகிறார். மூடிய கையிலிருந்து துருப்பொடி உதிர்கிறது. புஷ்பவல்லி முதலில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது? பக்கத்திலேயே துடைப்பத்தை வைத்துக்கொண்டு படுக்கிறாள். துரு விழ விழப் பெருக்குகிறாள்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் பெருக்கியிருக்கிறாள், அரைத் தூக்கத்தில். காலைத் தூக்குங்க என்றுகூடச் சொல்லவில்லை.

துடைப்பம் அவர் பாதத்துக்கு அடியில் தடையில்லாமல் போய்விட்டு வந்தது.