பச்சைப் பட்டனுக்கு முட்டுக் கொடுத்த குச்சி

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. அரியலூர் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"இனிமே கரண்டுக்காக நான் வயக்காட்டுல காத்துக் கெடக்க வேணாங்க. மோட்டார் ஷெட்டுல ஸ்டார்ட்டரோட பச்சைப் பட்டன அமுக்கி, குச்சிய முட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். கரண்டு வந்தா மோட்டாரு தானா ஓடும்."

"இப்ப அங்க யாரு இருக்கா?"

"மச்சான் இருக்காரு. கரண்டு இல்லாதப்பவே கெணத்துல எறங்கி மோட்டாருக்கு பெல்ட் மாத்திடறேன்னாரு."

"மேல குச்சி வச்சிருக்கறது அவருக்குத் தெரியுமா?"

முன் சீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "கண்டக்டர் சார், நிறுத்துங்க, எறங்கணும்."

"இங்க ஸ்டாப் இல்லீங்க. அந்த டீக்கடையில எறங்குங்க."

அவர் படியிலேயே தொங்கிக்கொண்டு வந்தார். பஸ் டீக்கடை முன்னால் நின்றது. கடைக்குள் சும்மா கிடந்த ரேடியோ, யாரும் கை வைக்காமலே பாட ஆரம்பித்தது.