மூன்றாவது வரிசை ஜன்னலோரம்

தலையாட்டுவது எனக்குப் பிறவிக் குணம். ஆபீசில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே கேட்பேன். தொலைபேசியில் பேசும்போதுகூட ஆட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் வந்து கேட்டபோதும் அப்படித்தான் ஆட்டிவிட்டேன், சந்தியா.

"வெள்ளிக்கிழமை காலேஜ் விழா ஆண்ட்டி, மேடையில பேசணும். நீங்க எதிர்ல உக்காந்து தலைய ஆட்டினா போதும், பயம் போயிடும்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க" என்றாய். உன் அம்மா தேவசேனா இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். நீ போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடந்ததை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

1998இல் நாங்கள் இருவரும் திருப்பதியில் எம்.சி.ஏ. சேர்ந்தோம். கம்ப்யூட்டர் படித்தவன் எல்லாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஹாஸ்டலில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான், அதனால் ஒரே அறை. உன் அம்மா நகரியில் பவர்லூம் ஓட்டும் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி வளர்ந்தவள், அறையில் பேசினால் வராந்தா கடைசி வரை கேட்கும். நான் பலமனேர் பக்கத்து எல்லைக் கிராமம். என் நைனா தக்காளி மண்டியில் கூடை சுமந்தார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்.

சனிக்கிழமைதோறும் செமினார். ஒருவர் மேடையேறி ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேச வேண்டும். தேவசேனாவின் முறை வருகிற வாரம் வியாழக்கிழமையே அவளுக்கு மோர் தவிர எதுவும் வயிற்றில் தங்காது. அத்தனை பெரிய குரல் மேடையில் ஏறினால் தொண்டையோடு நின்றுவிடும். நடுக்கம் எனக்கும் இருந்தது. நான் அதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை அவள் பாதியில் நின்றபோது நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் என் தலை ஆடியது. அவளுக்கு அடுத்த வார்த்தை வந்துவிட்டது. அன்றைக்கு அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அங்கயே உக்காந்துக்கோ கலா. நீ தலைய ஆட்டினா, சரியா பேசுறேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த இடம் எனக்கென்று ஆனது. ஒரு வாக்கியம் முடிப்பாள், என்னைப் பார்ப்பாள், நான் ஆட்டுவேன், அடுத்ததுக்குப் போவாள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒருத்தியைப் பேச வைக்கவும் நிறுத்தவும் என்னால் முடிந்தது என்று அப்போது நினைத்ததில்லை. இப்போது எழுதும்போதுதான் அப்படி வருகிறது.

ஒரே ஆளைப் பார்த்துப் பேசுவதைக் கவனித்த, செமினார் நடத்தும் மேடம் ஒருநாள், "அந்தரினி சூடம்மா" என்று எல்லாரையும் பார்த்துப் பேசச் சொன்னார். தேவசேனா அறைக்கு வந்து, முயற்சி பண்ணட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். எல்லாரையும் பார்த்தால் உளறிவிடுவாய், என்னை மட்டும் பார் என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவள் தேறிவிட்டாள். மூன்றாம் வருஷத்தில் எங்கள் வகுப்பிலேயே அவள் பேச்சுதான் பேச்சு. என் பேச்சு மனப்பாடம் ஒப்பிப்பது மாதிரி, தப்பும் இருக்காது, உயிரும் இருக்காது. "தேவசேனாவைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

அந்த வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் பன்னிரண்டு பேர் தேறினோம். செமினார் ஹாலில், மூன்று அதிகாரிகளுக்கும் வகுப்பு முழுவதற்கும் முன்னால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எடுக்கப்போவது நாலு பேர். அதற்கு முந்தின மாதம் நைனா மண்டியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதை என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நீ என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

நான் ஏழாவதாகப் பேசினேன், சுமார்தான். எனக்கு மேலே மூன்று பேர் தெளிவாக இருந்தார்கள். மிச்சம் ஓர் இடம். ஒன்பதாவது தேவசேனா.

நன்றாகத் தொடங்கினாள். முதல் வாக்கியம் முடித்துப் பார்த்தாள், ஆட்டினேன். இரண்டாவதை முடித்துப் பார்த்தாள். நான் ஆட்டவில்லை. சிரிக்கவில்லை, பக்கத்தில் யாரிடமும் பேசவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. தலையை அசையாமல் வைத்திருந்தேன். பழகிய தலையை அப்படி நிறுத்தி வைப்பது சுலபமில்லை, கழுத்து வலித்தது. அவள் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள்.

ஒன்றுமே செய்யவில்லை என்று மேலே எழுதியது சரியில்லை. புருவத்தைச் சுருக்கினேன். அவள் ஏதோ பெரிய தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி, மிக லேசாக.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஓர் அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நிதானமாகப் பேசு என்றார். ஐந்து நிமிஷமும் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

குளியலறையில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நீ தலைய ஆட்டினியா கலா?"

உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, எங்களைத் தவிர யாரும் இல்லை. "ஆட்டிக்கினுதான் இருந்தேன். உனக்குத்தான் பயத்துல கண்ணு தெரியல" என்றேன்.

அவள் நம்பினாள். என்மேல் சந்தேகப்படுவதைவிடத் தன் கண்ணைச் சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. "அப்போ என் மேலதான் தப்பு. எதிர்ல இருக்கிறதே தெரியல, நான் எங்க பேசி கிழிக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு அவள் மேடையேறவில்லை. கடைசித் தேர்வில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நாளன்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பட்டமும் வாங்கவில்லை.

நாலாவது இடம் எனக்கு. நைனா கூடை தூக்குவதை நிறுத்தினார், நான் ஆறு வருஷம் அமெரிக்காவில் இருந்தேன். உன் அம்மா தறிக்கொட்டகையில் இருக்கிறாள். அங்கே நாள் முழுவதும் சத்தம், யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உன் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் அம்மா வந்ததில்லை, அப்பாதான் வருவார், தெரியாத ஆள் வந்தால் உள்ளே போய்விடுவாள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது சந்தியா. வேலையை எடுத்துக்கொண்ட வெட்கம்கூட இரண்டாவதுதான். நல்ல கண்ணை வைத்திருந்தவளைத் தன் கண்ணையே நம்பாதவளாக ஆக்கினேன். இன்றைக்கும் நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையில்தான் பெற்ற பெண்ணை என்னிடம் அனுப்பியிருக்கிறாள்.

இதை உடனே உன்னிடம் கொடுப்பதுதான் முறை. ஆனால் விழாவுக்கு முன்னால் படித்தால் உன் மனசு கலங்கும், பேச்சு கெடும். அதனால் வெள்ளிக்கிழமை முடிந்த பிறகு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீ நன்றாகப் பேசிவிட்டால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம், பார்ப்போம். காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருப்பேன். எல்லாரையும் பார்த்துக் குழம்பிக்கொள்ளாதே, என்னை மட்டும் பார்.